ஃபென்வே பார்க்கில் ஆட்டம் பார்க்கச் செல்வோர் கவனத்துக்கு: இருக்கை எண் இல்லாத டிக்கெட்டை வாங்காதீர்கள்

பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க்கில் பேஸ்பால் ஆட்டம் பார்க்கத் திட்டமிடுபவர்கள், அதிலும் ஒரே ஓர் ஆட்டத்துக்காகத் தொலைவிலிருந்து பயணம் செய்பவர்கள், மறுவிற்பனை இணையதளங்களில் எப்படி ஏமாற்றப்படுகிறார்கள் என்பதை எங்களுக்கு நேர்ந்ததைக் கொண்டு இங்கே எழுதுகிறேன். போன பணத்தைவிட, வெகுநாள் ஆசைப்பட்டுப் போன ஆட்டத்தைச் சரியாகப் பார்க்க முடியாமல் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நியூஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சென்றிருந்தபோது, பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணியும் நியூயார்க் யாங்கீஸ் அணியும் மோதும் ஆட்டம் ஒன்றுக்கு அத்தானும் நானும் போவதென்று முடிவு செய்தோம். இந்த இரு அணிகளின் பகை மிகப் பழையது என்பதால் டிக்கெட் எளிதில் கிடைப்பதில்லை. ரெட் சாக்ஸின் சொந்தத் தளத்தில் அடுத்தடுத்த இரண்டு இருக்கைகள் இல்லை. எனவே வேறொரு மறுவிற்பனைத் தளத்தில், மட்டையடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்புறம் உள்ள, கிராண்ட்ஸ்டாண்ட் எனப்படும் கூரையிட்ட பார்வையாளர் பகுதியில், பார்வைக்குத் தடை ஏதும் இல்லை என்ற குறிப்புடன் இருந்த இரண்டு டிக்கெட்டுகளை வாங்கினோம். பகுதியும் வரிசையும் குறிப்பிட்டிருந்த அந்தப் பக்கத்தில், இருக்கை எண் மட்டும் ஆட்டத்துக்கு முன்னர் தெரிவிக்கப்படும் என்று இருந்தது.

ஆட்டத்தன்று பிற்பகல், நாங்கள் பாஸ்டனை அடைந்த பிறகே டிக்கெட் வந்தது. நாங்கள் பணம் கட்டிய பகுதி அல்ல அது; வலப்புற மைதானத்தை ஒட்டிய கிராண்ட்ஸ்டாண்டில், கூரையைத் தாங்கும் தூண் ஒன்றின் பின்னால் இருந்த இருக்கைகள். தொலைபேசியில் கேட்டபோது, இணையான வேறு பகுதியில் இடம் தரும் உரிமை விற்பனை விதிகளிலேயே தங்களுக்கு உண்டு என்றார்கள். விற்பவர்களில் சிலர் கையில் டிக்கெட்டே இல்லாமல் முதலில் பணத்தை வாங்கிக்கொண்டு, கடைசி நேரத்தில் விலை குறைந்த ஏதோ ஒரு டிக்கெட்டைப் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். தங்களிடம் இல்லாத இருக்கைக்கு அவர்களால் எண் கொடுக்க முடியாது. இருக்கை எண் பின்னர் என்று எழுதியிருப்பதை ஓர் அபாய அறிவிப்பாகவே கொள்ள வேண்டும்.

இந்த மாற்றம் ஏன் இவ்வளவு பெரிய அநியாயம் என்பது அந்த மைதானத்தின் அமைப்பை அறிந்தால்தான் விளங்கும். 1912 ஏப்ரல் 20 அன்று தொடங்கிய ஃபென்வே பார்க், அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக்கின் (எம்எல்பி) மைதானங்களிலேயே பழமையானது. இடப்புறத்தில் 37 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் கிரீன் மான்ஸ்டர் என்னும் பச்சைச் சுவரைப் பார்ப்பதற்கென்றே ரசிகர்கள் வருகிறார்கள். ஆனால் அந்தப் பழமையின் ஒரு பகுதியாகக் கிராண்ட்ஸ்டாண்டின் நடுவே எஃகுத் தூண்கள் நிற்கின்றன. பல இருக்கைகள் 1934-இல் போடப்பட்ட ஒடுக்கமான மர இருக்கைகள். வலப்புற மூலையில் உள்ளவை ஹோம் பிளேட்டை நோக்கி அமையாமல் மைதானத்தின் நடுப்புறத்தை நோக்கியே அமைந்திருப்பதால், ஆட்டம் முழுவதும் கழுத்தைத் திருப்பியே வைத்திருக்க வேண்டும்.

எங்கள் தூண், பந்தை வீசும் பிட்சர் நிற்கும் மேட்டை மறைத்தது. பேஸ்பாலில் எல்லாமே அந்த மேட்டுக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையிலுள்ள 60 அடி 6 அங்குலத்தில்தான் தொடங்குகிறது. பந்துவீச்சாளர் கண்ணில் படாமல் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. மட்டை சுழல்வது தெரிந்தது. எதற்காகச் சுழன்றது என்பது தெரியவில்லை. மூட்டு வலி உள்ள அத்தான், பல இன்னிங்ஸ்களைப் பின்புற நடைபாதையில் நின்றபடியே பார்த்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மைதானத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. தூண் மறைக்கும் இடம் என்று சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றால் அது நேர்மையான வியாபாரம். அங்கிருந்த ஊழியர் எங்கள் குறையைப் பொறுமையாகக் கேட்டார். டிக்கெட் வெளியில் வாங்கப்பட்டது, அரங்கமும் நிறைந்துவிட்டது என்பதால் இடம் மாற்றித் தர அவரால் இயலவில்லை.

கட்டணங்களை ஒளித்து வைத்துக் கடைசியில் சேர்ப்பதைத் தடுக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே இப்போது முழு விலையையும் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். ஆனால் விலை வெளிப்படையாக இருப்பதால் இருக்கையும் சொன்னபடி இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

முதலில் அணியின் தளத்தையே பாருங்கள். ஆட்டம் நெருங்கும் நாள்களில் சில இடங்கள் மீண்டும் விற்பனைக்கு வருவதுண்டு. மறுவிற்பனையில்தான் வாங்க வேண்டுமென்றால், பகுதி, வரிசை, இருக்கை ஆகிய மூன்று எண்களும் தெரிந்த பிறகே பணம் கட்டுங்கள். கிராண்ட்ஸ்டாண்ட் பகுதிகள் 1 முதல் 33 வரை எண்ணிடப்பட்டுள்ளன. தொடக்க எண்கள் வலப்புற மூலையைக் குறிக்கும். அந்தந்த இருக்கையிலிருந்து ரசிகர்கள் எடுத்த படங்கள் இணையத்தில் நிறைய உள்ளன, அவற்றைப் பார்க்காமல் வாங்காதீர்கள். டிக்கெட் எம்எல்பி பால்பார்க் செயலியில் உங்கள் கணக்குக்கு வந்து சேர வேண்டும்; தெருவில் நின்று விற்பவர் நீட்டும் காகிதத்தையோ, பார்கோடின் படத்தையோ ஏற்காதீர்கள். மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் டிக்கெட் பொதுவாக மாற்றுத் தேதிக்கே செல்லும் என்பதால், ஊர் திரும்ப வேண்டியவர்கள் விற்பவரின் பணம் திருப்பும் விதியை முன்பே படித்துவிடுங்கள். காரில் போக வேண்டாம். கிரீன் லைன் ரயிலில் கென்மோர் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்.

அந்தத் தளம் எங்களுக்குப் பணத்தைத் தராமல், அடுத்த முறை தங்களிடமே டிக்கெட் வாங்குவதற்கான ஒரு கூப்பனைத் தந்து புகாரை முடித்துவிட்டது. அதை ஏற்காமல், அத்தான் கடன் அட்டை வங்கியில் முறையிட்டிருக்கிறார். வாங்கிய அன்றே அவர் எடுத்து வைத்திருந்த விற்பனைப் பக்கத்தின் படத்தையும், பின்னர் வந்த டிக்கெட்டையும், தூணின் பின்னாலிருந்து எடுத்த புகைப்படத்தையும் வங்கி கேட்டு வாங்கிக்கொண்டது. விசாரணை இன்னும் முடியவில்லை.