தலையில் அடிபட்டால்: படுத்தே கிடப்பதா, எழுந்து நடப்பதா?

ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும் சரி, பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு பிள்ளைகளின் தலை மோதினாலும் சரி, வன்னியில் அதன் பிறகு நடப்பது அநேகமாக இரண்டில் ஒன்றுதான். பிள்ளை என்றால் ஜன்னலைச் சாத்தி, இரண்டு கிழமைக்குப் படுக்க வைத்துவிடுகிறோம். வளர்ந்தவர் என்றால் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு அடுத்த நாளே வயலுக்கோ மேசன் வேலைக்கோ போய்விடுகிறார். மூளை அதிர்வுக்கு, அதாவது அடியில் மூளை குலுங்கிச் சில காலம் பாதிக்கப்படுவதற்கு, இந்த இரண்டுமே சரிவராது, மூன்றாவது வழி ஒன்றுதான் நல்லது என்பது என் முடிவு.

எந்த வழியில் போவதென்றாலும், உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகுதான். திரும்பத் திரும்பச் சத்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலையிடி, பேச்சுக் குழறல், கை கால் சோர்வு, ஒரு கண்ணின் கருமணி மட்டும் பெரிதாவது, மூக்காலோ காதாலோ தெளிந்த நீர் வடிவது, எழுப்பியும் எழும்பாத தூக்கம்: இவற்றில் ஒன்று கண்டாலும் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், வயதானவர்கள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். சீ.ரி. ஸ்கானில் ஒன்றுமில்லை என்றால் இரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இல்லை என்று அர்த்தம். மூளை அதிர்வு ஸ்கானில் தெரியாது. வைத்தியர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையைத் தூங்கவிடாமல் உலுக்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம், தூக்கம் நல்லது.

முதலில், முழு ஓய்வு என்ற வழியைப் பார்ப்போம். முன்பு வைத்தியர்களே சொன்னதுதான் இது, அதனால் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் 11 முதல் 22 வயது வரையானவர்களை வைத்துச் செய்து 2015இல் வெளிவந்த ஆய்வில், ஐந்து நாள் கண்டிப்பாகப் படுத்திருந்தவர்கள்தான், ஓரிரு நாள் ஓய்வெடுத்துப் படிப்படியாக எழும்பியவர்களைவிட அதிக உபாதை சொன்னார்கள். பகலெல்லாம் படுத்தால் இரவுத் தூக்கம் குழம்பும். கூட்டாளிகளைக் காணாமல் மனம் சோரும். செய்ய வேறு வேலை இல்லாதபோது சின்னத் தலையிடியும் பெரிதாகத் தெரியும். இந்த வழியில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: முதல் 48 மணித்தியாலம் ஃபோனும் தொலைக்காட்சியும் வேண்டாம். 2021இல் வந்த ஓர் ஆய்வில், திரையை அப்படி விலக்கியவர்களில் பாதிப்பேருக்கு மூன்றரை நாளில் குணமானது. விலக்காதவர்களுக்கு அதே அளவுக்கு எட்டு நாள் பிடித்தது.

அடுத்தது, மறுநாளே வேலைக்குப் போவது. நாட்கூலிக்கு உழைப்பவரிடம் படுத்திரு என்று சொல்வது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் மூன்றில் இதைத்தான் மிக மோசமானது என்பேன். தலைச்சுற்றும் நிதானக் குறைவும் இருக்கும்போது லாண்ட்மாஸ்டர் பிடிப்பது, கூரையில் ஏறுவது, மோட்டார் சைக்கிள் ஓடுவது எல்லாம் இரண்டாவது அடியை அழைப்பது போல. முதல் அடி ஆறமுன் இன்னொன்று பட்டால், அரிதாக என்றாலும், மூளை வீங்கி உயிரே போகலாம். இளம் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். கரப்பந்தாட்டத்திலோ உதைபந்தாட்டத்திலோ தலை அடிபட்டவரை அன்று மறுபடி இறக்கவே கூடாது.

மூன்றாவது வழி, ஓரிரு நாள் அளவான ஓய்வு, பிறகு படிப்படியாக எழும்புவது. முதல் நாளிலேயே வளவுக்குள் மெல்ல நடக்கலாம். தலையிடி பத்துக்கு இரண்டு அளவு கூடி, ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கினால் அந்த வேலை தாங்குகிறது; அதற்கு மேல் போனால் நிறுத்தி, அடுத்த நாள் குறைத்துச் செய்யவேண்டும். 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில், அறிகுறியைக் கூட்டாத அளவுக்கு உடற்பயிற்சி செய்த பதின்ம வயதினர் சராசரியாக 13 நாளில் தேறினார்கள். உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள். வெயிலுக்கு முந்திய காலை நேரம் நடக்க நல்லது.

பெரியவர்களில் பெரும்பாலானோர் இரண்டு கிழமையில் தேறிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு நாலு கிழமை வரை போகலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம். அவர்களுக்கு விளையாட்டுக்கு முன் படிப்பு: அரைநாள் பள்ளிக்கூடம், பிறகு முழுநாள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தை மறித்துவிட்டு, புலமைப்பரிசில் வருகிறதென்று ரியூசனுக்கு மட்டும் அனுப்பும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து மாற்றிச் செய்யுங்கள். தலைச்சுற்று தீரும்வரை சைக்கிளில் விடவும் வேண்டாம். சின்னக் குழந்தைக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாத அழுகை, சாப்பாட்டிலும் விளையாட்டிலும் விருப்பமின்மை, தூக்க மாற்றம் இவற்றைக் கவனிக்கவேண்டும்.

பெரியவர்களில் எனக்குக் கூடுதல் கவலை, போரில் ஏற்கெனவே தலையில் அடிபட்டவர்களைப் பற்றி. முன்பு பட்ட அடியும், ஆறாத மனக்காயமும், கெட்ட தூக்கமும் குணமாகும் காலத்தை நீட்டக்கூடும். அவர்கள் பழைய காயத்தை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கமுன் சொல்லியே ஆகவேண்டும். அந்த ஸ்கானில் உள்ள காந்தம் துண்டை அசைக்கக்கூடும். வேலைக்குத் திரும்பும்போது முதலில் நிழலில் இருந்து செய்யும் வேலை, பிறகு பாரம் தூக்குவது, ஏறுவதும் ஓட்டுவதும் கடைசி. அதுவரை கள்ளும் சாராயமும் வேண்டாம்.

பெரியவருக்கு இரண்டு கிழமை, பிள்ளைக்கு நாலு கிழமை தாண்டியும் தலையிடியோ தலைச்சுற்றோ நீடித்தால் மறுபடி கிளினிக்குக்குப் போங்கள். கழுத்துப் பிடிப்பும் உடற்சமநிலைக் குழப்பமும் பல நேரம் இதற்குக் காரணம், இரண்டுக்கும் பிசியோதெரபி உதவும். எந்த வேலை செய்தபோது தலையிடி கூடியது என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போனால் வைத்தியருக்கு வேலை இலகு.