“முழு உரிமையும் உங்களுக்கே” என்று விற்கும் பீற்றை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பாட்டுச் செய்விக்க இருப்பவர்கள் கவனிக்கவும். பீற் என்பது பாடுபவருக்கு ஸ்ரூடியோ செய்து விற்கும் பின்னணி இசை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளியிடவென்று செய்வித்த ஒரு பாட்டுக்கு நடந்தது இது. “நாதஸ்வரமும் தவிலும் எங்கட சொந்தப் பதிவு, முழு உரிமையும் உங்களுக்கே” என்று சொல்லி ஸ்ரூடியோ காசை முழுதாக வாங்கியது. கையில் கொடுத்தது ஒரேயொரு எம்.பி.3 கோப்பு. யூரியூப்பில் ஏற்றிய அன்றே உரிமைக் கோரல் வந்தது. நாதஸ்வரம் வேறொருவர் வெளியிட்ட பழைய கோயில் கச்சேரிப் பதிவில் வெட்டியது. அடியில் ஓடிய ட்ரம் லூப் (திரும்பத் திரும்ப ஓடவிடும் தாளத் துண்டு), சந்தா கட்டியவர் எவரும் இறக்கக்கூடிய ஒலி நூலகத்தினுடையது. பாட்டைக் கழற்ற வேண்டி வந்தது. அதற்குப் பிறகு ஸ்ரூடியோ தொலைபேசியையே தூக்கவில்லை.

காசு கொடுக்க முன்னரே இதைக் காதால் பிடித்திருக்கலாம். அந்த நாதஸ்வரப் பிடி எட்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒருமுறை திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், பின்னால் அதே கோயில் மணி அடிக்கிறது. எந்த வித்துவானும் ஒரு கமகத்தை (சுரத்தின் அசைவை) இரண்டாம் முறை இழையும் பிசகாமல் வாசிப்பதில்லை. மூலப் பதிவின் சுருதி இரண்டரைக் கட்டை. பாடிய பிள்ளைக்காக ஐந்து கட்டைக்கு ஏற்றியிருக்கிறார்கள், அதாவது நாலு அரைச்சுரம். அவ்வளவு ஏற்றினால் சீவாளியின் (ஊதும் நாக்கின்) கரகரப்புப் போய், ஒலி பிளாஸ்ரிக் குழலாக மெலிந்துவிடும். வேகத்தையும் இழுத்ததால் தவிலின் வலந்தலைச் சொற்கள் (வலப்பக்க அடிகள்) ஒவ்வொன்றும் இரட்டித்து விழுகின்றன. லூப் முடியும் இடத்தில் கடைசி அடியின் கார்வை (நீளும் ஒலி) கத்தியால் வெட்டினதுபோல் நிற்கிறது.

கண்ணாலும் பார்க்கலாம். ஒவ்வொரு வாத்தியத்தின் தனித்தடத்தையும் சுருக்கப்படாத வேவ் கோப்பாகக் கேட்டு வாங்கி, ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் ஸ்பெக்ரோகிராம் (ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படம்) போட்டுப் பாருங்கள். நாதஸ்வரத் தடம் 16 கிலோஹேர்ட்ஸ் அளவில் மேசை விளிம்புபோல் நேராக வெட்டுப்பட்டிருந்தால், அது அனேகமாக இணையத்தில் இறக்கிய சுருக்கப்பட்ட ஒலி. 24 பிற் (உயர்தரப் பதிவு) என்று பெயர் போட்டிருந்தாலும் போன ஒலி திரும்பாது. கலந்து முடித்த எம்.பி.3 இல் இந்தச் சோதனை உதவாது, அதுவே மேலே வெட்டுப்பட்டுத்தான் வரும். தனித்தடம் தர மறுப்பவரிடம் மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள்.

“பிறர் பதிவிலிருந்து எடுத்தது மூன்று செக்கனுக்குள் என்றால் பிரச்சினை இல்லை” என்பது இந்த வியாபாரத்தில் அடிக்கடி சொல்லப்படும் பொய். ஐரோப்பிய நீதிமன்றம் 2019 இல் தீர்த்த வழக்கு வெறும் இரண்டு செக்கன் தாள ஒலியைப் பற்றியது. காதுக்கு அடையாளம் தெரியும்படி எடுத்தால் பதிவின் உரிமையாளர் தடுக்கலாம் என்றது தீர்ப்பு. இன்னொரு சாட்டு, “தியாகராஜர் கீர்த்தனைதானே, யாருக்கும் சொந்தமில்லை” என்பது. மெட்டு பொதுச்சொத்துத்தான். அதை வாசித்தவருக்கும் பதிந்தவருக்கும் இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தனியாக 50 ஆண்டு உரிமை கொடுக்கிறது.

சாம்பிள் எடுப்பதே (பிறர் பதிவில் ஒரு துண்டை எடுத்துப் பயன்படுத்துவதே) களவு என்று சொல்ல வரவில்லை. ஒரு தவில் அடியை மட்டும் எடுத்து, சுருதி இறக்கி, பேஸ் ட்ரம்முக்கு அடியில் வைப்பதும், ஒரு தீர்மானத்தை (முடிப்புத் தாளக்கோவையை) சொல் சொல்லாக நறுக்கி வேறு நடையில் கோப்பதும் உண்மையான கற்பனை வேலை. ஆனால் அந்த வேலைக்கும் மூலம் ஒரு மனிதரின் கைதான். 1969 இல் அமெரிக்க ட்ரம் கலைஞர் கிரெகரி கோல்மன் வாசித்த நாலு பார் ட்ரம், ஏழு செக்கன் அளவுதான், ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஓடியது. அவருக்கு அதில் ஒரு சதமும் கிடைக்கவில்லை. 2006 இல் வீடற்றவராக இறந்தார். இணுவிலிலும் அளவெட்டியிலும் தலைமுறையாக வாசிக்கும் குடும்பங்களுக்கு அந்த நிலை வரவிடக்கூடாது.

பீற் வாங்கும்போது எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்த ஒலி எங்கிருந்து வந்தது, வாசித்தவரின் கையொப்பம், நூலக ஒலியென்றால் உரிமப் பற்றுச்சீட்டு. நூலக லூப் இருப்பதே குற்றமில்லை, அதை வைத்துப் பாட்டு வெளியிடலாம். ஆனால் அதே லூப் இன்னும் நூறு பேரிடம் இருக்கும். ஆகவே “உங்களுக்கு மட்டும்” என்று விற்பது பொய், அந்தப் பாட்டை கொன்ரென்ற் ஐடியில் (யூரியூப் ஒலிகளைத் தானாகப் பொருத்திப் பார்த்து உரிமை கோரும் முறையில்) பதிவதும் பிழை.

கோரல் வந்துவிட்டால் முதலில் ஸ்ரூடியோவிடம் ஆதாரம் கேளுங்கள். ஆதாரம் கையில் இருந்தால் ஐந்து நாளுக்குள் மறுப்புப் போடுங்கள், கோரல் வந்த முதல் நாளிலிருந்து வரும் வருமானம் பிணக்குத் தீரும்வரை தடுத்து வைக்கப்படும். கோரியவருக்குப் பதிலளிக்க 30 நாள் உண்டு. ஆதாரம் இல்லாமல் மறுத்து, அவர் பாட்டை நீக்கக் கோரினால் உங்கள் சனலுக்கு ஸ்ரைக் (உரிமை மீறல் எச்சரிக்கை) விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சனலே போய்விடும்.

வித்துவானை நேரே கூப்பிட்டுப் பதிவதென்றால், திருவிழாவும் கலியாண முகூர்த்தமும் இல்லாத நாளாகப் பாருங்கள். தவிலுக்கு இரண்டு மைக், வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு (இடப்பக்கத்துக்கு) ஒன்று. நாதஸ்வரத்துக்கு அணைசுக்கு (விரிந்த வாய்க்கு) நேரே மைக்கை வைத்தால் ஒலி வெடிக்கும். ஒரு மீற்றருக்கு மேல் தள்ளி, விரல் துளைகளைப் பார்த்தபடி வையுங்கள். இந்தப் பாட்டுக்கு மட்டுமா, துண்டுகளை வேறு பாட்டுக்கும் விற்கலாமா என்பதை, அவர் வாசிக்கத் தொடங்க முன்னரே தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள்.