ரெக்கார்டரா, ஊசி நூலா, கூத்தா?

தம்பி மகள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எம்.ஏ. ஆய்வு செய்கிறாள். தலைப்பு, மேகசின் பாரக்ஸ் நினைவுகள். நகராட்சி வேலைக்காரர்களான நம் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்து, 1960களில் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் புறநகருக்குத் தூக்கியெறியப்பட்ட குடியிருப்பு அது. என் அம்மா அங்கே வளர்ந்தவர். நினைவுகளைச் சேகரிக்க எந்த முறை நல்லது என்று பார்க்க, ஒவ்வொன்றையும் முதலில் அவரிடமே சோதித்தோம்.

ரெக்கார்டர் பேட்டிதான் மலிவு, தேர்வாளர்களுக்கும் பழகியது. ஆனால் ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் போகும். அதைவிடப் பெரிய தொல்லை, மெஷினைப் பார்த்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருந்தோம்." பேத்திக்குத் தமிழ் கொஞ்சம், ஆயாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம். நடுவில் பாதி வாழ்க்கை நழுவியது.

அடுத்து துணி. இதே டர்பனில் 'அமாஸ்வி அபேசிஃபாசானே' என்ற திட்டத்தில் சூலு பெண்கள் நிறவெறிக் கால நினைவுகளைத் துணியில் தைத்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் அவளுக்கு இந்த யோசனை. மூன்று வாரம் ஆயிற்று. அம்மா வீட்டைச் சின்னதாகவும் பொதுக் குழாயை அதைவிடப் பெரிதாகவும் நீல நூலில் தைத்தார். ஏன் என்றாள் பேத்தி. "வரிசையில நின்னா யார் வீட்டுல அடுப்பு எரியலன்னு தெரிஞ்சிடும். கேக்காமலே அரிசி போகும்." ரெக்கார்டர் முன்னால் இது வரவே இல்லை. கை ஓடும்போது வாய் பயப்படுவதில்லை போலும்.

கூத்துப் பட்டறையில் சுவையே வேறு. இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் மாறிய நம் தெருக்கூத்தின் பாணியில் பாரக்ஸ் காட்சிகளை நாலைந்து பெரியவர்கள் நடித்துக் காட்டினார்கள். ஒருவர் தப்பாகச் சொன்னால் மற்றவர் பாய்ந்து திருத்துவார். அந்தச் சண்டைதான் நமக்கு ஆதாரம். ஆனால் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வந்ததும் காட்சியில் வந்த மேஸ்திரி கோமாளியாகிவிட்டார், அழுகை சிரிப்பாயிற்று. என்ன நடந்தது என்பதைவிட, அதை எப்படி நினைவில் வைக்க விரும்புகிறார்கள் என்பதற்கே கூத்து லாயக்கு.

1990களில் கரோலின் வாங்கும் மேரி ஆன் பரிஸும் சீனக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்துத் தொடங்கிய 'ஃபோட்டோவாய்ஸ்' முறை எங்களுக்கு உதவவில்லை. பாரக்ஸே போய்விட்ட பிறகு எதைப் படம் எடுப்பது? இன்றைய சாட்ஸ்வொர்த்தைப் பற்றிய ஆய்வு என்றால் இந்த முறையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பல்கலைக்கழகம் ஏற்குமா என்று அவளுக்குப் பயம். படைப்புகளையும் ஆய்வு வெளியீடாக மதிப்பிட 2017இல் அரசே கொள்கை கொண்டுவந்துவிட்டது. ஆனால் அது ஆசிரியர்களின் கணக்கு. மாணவி துணியை மட்டும் நீட்டினால் பட்டம் கிடைக்காது, விளக்கும் எழுத்து கூடவே வேண்டும்.

என் ஓட்டு துணிக்கே. முதலில் தைக்கவிட்டு, பிறகு ரெக்கார்டரை வைத்து ஒவ்வொரு தையலாகத் தொட்டுக் கேட்க வேண்டும். அவளும் அப்படித்தான் செய்கிறாள். ஒரே சிக்கல், துணியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க அம்மா மறுக்கிறார். போட்டோதான் போகிறது.