வெள்ளிப் பூச்சுக்கு 82,000 ரூபாய்

பாலக்காட்டுக்கும் கோவைக்கும் இடையே பழைய காருக்கு மெக்கானிக் தேடி அலைகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பிறகு வண்டியை விடுங்கள். பட்டறையின் பெயரை எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. வாளையாற்றுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம் என்பது போதும்.

வண்டி 1972ஆம் ஆண்டு எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மாமாவிடமிருந்து வந்தது, கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தென்னந்தோப்புக் கொட்டகையில் நிற்கிறது. கோளாறு இரண்டு. ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர், நினைத்தால் விழும், நினைத்தால் விலகும். மழைக்காலத்தில் விலகுவதுதான் அதிகம். மூன்றாவது கியருக்கு இறங்கும்போது லேசான உரசல்.

பட்டறை உரிமையாளர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். “கியர்பாக்ஸ் முடிந்துவிட்டது சார். சிங்க்ரோ வளையம், பேரிங் எல்லாம் மாற்ற வேண்டும்” என்றார். மல்டிமீட்டரை யாரும் கையில் எடுக்கவில்லை. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். இந்த வண்டியில் ஓவர்டிரைவை இயக்குவது ஒரு சோலனாய்டு, மின்சாரத்தில் இயங்கும் காந்தம். கியர்பாக்ஸின் மேலுள்ள ஒரு சுவிட்ச் வழியாக, மூன்றாவது, நான்காவது கியரில் மட்டுமே அதற்கு மின்சாரம் போகும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கம்பியை, பல்சக்கரத்தை அல்ல. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். எம்ஜிபியில் கியர்பாக்ஸை எடுக்க இன்ஜினையும் சேர்த்தே தூக்க வேண்டும். அந்த வேலையை நூறு முறை செய்தவர் போல அவர் பேசியதில் மயங்கிவிட்டேன்.

ஐந்து வாரம், 82,000 ரூபாய். பளபளவென்று வெள்ளி வண்ணத்தில் மின்னும் கியர்பாக்ஸின் படம் கைபேசிக்கு வந்தது. கழற்றிய பாகங்களைக் கேட்டேன். “இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டோம் சார்.”

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகியது. சோக் குமிழைத் தொட்ட கை சுட்டது. டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ரப்பர் கருகும் நாற்றம். கியரும் காலையில் முன்னைவிட முரண்டு பிடித்தது. பட்டறை உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். “லூக்காஸ் வயரிங் அப்படித்தான் சார். மொத்தமாக மாற்றிவிடலாம், 45,000 ஆகும்” என்றார். பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சாதனங்கள் செய்த நிறுவனமான லூக்காஸுக்கு ‘இருளின் இளவரசன்’ என்று பட்டப்பெயர் உண்டு. பட்டறைக்காரர்களுக்கு அதைப் போல் வசதியான பழி வேறு இல்லை.

கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போய், பேருந்துப் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஒரு கம்பியையும் பிரிக்கவில்லை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையை வண்டியின் உடலிலும் கவ்வவிட்டு, “இப்போது திருப்புங்கள் தம்பி” என்றார். ஸ்டார்ட்டர் சுறுசுறுவென்று சுற்றியது.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப, பின்னல் கம்பியாலான எர்த் பட்டை ஒன்று உண்டு. திரும்பப் பூட்டும்போது அதை மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழியின்றி, டாஷ்போர்டிலிருந்து இன்ஜினுக்குப் போகும் சோக்கின் மெல்லிய கம்பி வழியாகப் போயிருக்கிறது. கேபிளைக் கழற்றி, இன்ஜினுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டியது நான்கைத் தாண்டியது. புதுப் பட்டை 250 ரூபாய்.

ஓவர்டிரைவின் கதை இன்னும் சின்னது. கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பியில் ஒரு புல்லட் இணைப்பு (கம்பி முனைகளைச் செருகிச் சேர்க்கும் இடம்) பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. சுரண்டிப் புதிதாகப் போட்டார். சுவிட்சைத் தட்டியதும் அடியில் ‘டக்’ என்ற சத்தம். இந்தத் தென்மேற்குப் பருவமழை முழுவதும் ஒரு முறைகூட விலகவில்லை.

பிறகுதான் வண்டியைத் தூக்கிக் கியர்பாக்ஸைப் பார்த்தோம். மூடித் திருகாணி ஒன்றின் மேல் நகத்தால் சுரண்டினால் வெள்ளி வண்ணம் உதிர்ந்தது. அதற்கடியில் பல வருடத்துச் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் கெட்டியாக அப்படியே. திருகாணி அசைக்கப்படவே இல்லை, அதாவது பெட்டியைத் திறக்கவே இல்லை. சேற்றின் மேலேயே வண்ணம் அடித்திருக்கிறார்கள்! எண்ணெயை வடித்தால் கந்தக நாற்றம், லாரி ஆக்சிலுக்கு ஊற்றும் 90ஆம் எண் எண்ணெய். இந்தப் பெட்டிக்கு 20டபிள்யூ-50 இன்ஜின் எண்ணெய்தான். ஓவர்டிரைவுக்கும் அதே எண்ணெய்தான் போகிறது. ஆக்சில் எண்ணெயில் சேர்க்கும் சில ரசாயனங்கள் பித்தளை, வெண்கல வளையங்களை அரிக்கும். காலைக் குளிரில் கெட்டியாகவும் இருக்கும். காலை முரண்டுக்குக் காரணம் புரிந்தது. எண்ணெயை மாற்றியதும் பழைய லேசான உரசல் மட்டும் மிஞ்சியது, அதோடு வாழ்ந்துகொள்கிறேன்.

நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள். வண்டியை விடும்முன் திருகாணித் தலைகளில் மார்க்கர் கோடு போட்டுப் படம் எடுங்கள். கழற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலைச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

பட்டறை அந்த மாநிலம், நாம் இந்த மாநிலம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பேசினேன், பலனில்லை. அதன்பின் பாலக்காட்டில் மனு கொடுத்தேன்.

சுரண்டிய அந்த ஒரு திருகாணியைத் தவிர மற்றவற்றின் வெள்ளிப் பூச்சைத் தொடக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் வண்டியைக் கழுவும்போதுகூட அடிப்பக்கம் தண்ணீர் அடிப்பதில்லை.