மதுரையில் ஃப்ளாட் வாங்கப் போகிறீர்களா? தெருப்பக்கத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள்

நத்தம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பன்னிரண்டு வீடுகள் உள்ள அபார்ட்மென்ட்டில் குடியிருக்கிறோம். பத்திரம் முடிந்து, பால் காய்ச்சி, குடி வந்தாகிவிட்டது. இன்றுவரை வீட்டு மின் இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை. கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பில்தான் மோட்டாரும் ஃபேனும் ஓடுகின்றன. ஊரில் மற்ற வீடுகளுக்கு உள்ள இலவச யூனிட் எங்களுக்குக் கிடையாது, யூனிட் விலையும் அதிகம். இவ்வளவு வீடுகள் உள்ள கட்டடத்துக்கு, அனுமதித்த ப்ளான்படி கட்டியதாகச் சொல்லும் கட்டட நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர இணைப்பு தரமாட்டார்கள். அந்தச் சான்றிதழ் வராததற்குக் காரணம் கட்டடத்தின் முன்பக்கம்தான்.

பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாம் சுத்தமாக இருந்தன. பேங்க் லோனும் கிடைத்தது. “அப்ரூவ்டு ப்ளான்ணே, பேங்க்காரனே நம்பிக் குடுத்துட்டான்” என்று பில்டர் சொன்னார். அனுமதி வாங்கியது உண்மைதான். ஆனால் வாங்கியது ஒரு ப்ளானுக்கு, கட்டியது வேறு ஒன்றை. முத்திரை போட்ட வரைபடத்தின் நகலைப் பிறகு நாங்களே அலைந்து வாங்கினோம். அதில் கீழ்த்தளம் முழுக்க ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தும் இடம். முன்னால், தெரு எல்லையிலிருந்து 3 மீட்டருக்கு வெட்டவெளி. இப்போது அந்த இடத்தில் மூன்று கடைகள் இருக்கின்றன. ஷட்டரைத் தூக்கி இறங்கினால் படி சாக்கடை மூடி மேல் வந்து நிற்கிறது. கடைச் சுவருக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இல்லை. வரைபடத்தில் 4 என்று எண் போட்ட கார் இடத்தைத்தான் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். அது இன்று மெடிக்கல் ஷாப்பின் ஃப்ரிட்ஜ் நிற்கும் மூலை. கடைகளைத் தனியாக விற்று அந்தக் காசையும் பில்டர் பார்த்துவிட்டார்.

முன்பக்கச் செட்பேக், அதாவது தெருவுக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய காலி இடம், சும்மா அழகுக்காக வைத்த விதி இல்லை. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, ரோடு அகலமாக இருந்தால் முன்னால் விட வேண்டிய இடமும் கூடும். தீ பிடித்தால் வண்டி நிற்கவும், காற்றும் வெளிச்சமும் வரவும், நடப்பவர்கள் லாரிக்கு ஒதுங்கவும் அந்த இடம் வேண்டும். எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், கடை வாசலில் நிற்கும் பைக்குகளைச் சுற்றிப் பிள்ளைகள் நடுரோட்டில் நடந்து போகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பில்டரிடம் இந்த விதிமீறலைக் கேட்கப் போனால், “மதுரையில எந்த அபார்ட்மென்ட்ல டீவியேஷன் இல்ல? ரெகுலரைஸ் பண்ணிக்கிருவோம்ணே” என்றார். இதை நம்பாதீர்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவின் கீழ், விதிமீறிய கட்டடங்களை ரெகுலரைஸ் செய்ய அரசு கொண்டுவந்த வரன்முறைத் திட்டம் 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்குத்தான். நேற்று கட்டிய கடைக்கு அது பொருந்தாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? எட்டு வீட்டுக்கு மேல் போனாலோ, மனை 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு கட்டாயம். பதிவு எண்ணை வாங்கி, ரெரா இணையதளத்தில் அந்தப் ப்ளானை எடுங்கள். பிறகு சைட்டுக்குப் போய் முன்பக்கம், பக்கவாட்டு, கார் இடம் எல்லாவற்றையும் டேப்பில் அளங்கள். ப்ரோஷரில் உள்ள படம் எதற்கும் சாட்சி ஆகாது. பேங்க் வக்கீல் பெரும்பாலும் மண்ணின் பத்திரத்தைத்தான் பார்க்கிறார், கட்டடத்தை அளப்பதில்லை. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை கிடையாது. வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் எழுத்தில் சம்மதிக்காமல் ப்ளானை மாற்றவும் முடியாது. எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை. அனுமதி பெற்ற ப்ளானைக் கட்டுமானம் முடியும்வரை சைட்டிலேயே மாட்டி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அந்த போர்டு இல்லாத சைட்டில் அட்வான்ஸ் பேச்சே எடுக்காதீர்கள்.

மாசி வீதி, வெளி வீதிப் பக்கம் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997-இலிருந்தே அரசாணை இருக்கிறது. அங்கே நான்காவது மாடியில் கோபுரம் தெரியும் ஃப்ளாட் என்று யாராவது விற்றால் யோசியுங்கள்.

நாங்கள் எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து ரெராவில் புகார் கொடுத்திருக்கிறோம். விதிமீறலுக்கு நோட்டீஸ் வந்தால் அடி விழப்போவது எங்களுக்கும், கடை வாங்கிய மூன்று பேருக்கும். அவர்களும் சேமிப்பைப் போட்டு ஏமாந்தவர்கள்தான். பில்டரோ அடுத்த தெருவில் புது சைட் ஆரம்பித்துவிட்டார். போர்டு எதுவும் இல்லை. அங்கேயும் தெருவை ஒட்டி முன்பக்கத் தூணுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே அட்வான்ஸ் கொடுத்தவர் யாராவது இதைப் படித்தால், கான்கிரீட் போடுவதற்கு முன் முத்திரை போட்ட வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அந்தத் தூண் எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து பாருங்கள்.