விஞ்ஞாபனம் கலையாமல் இருக்க: டேப்பா, அட்டவணையா, டெக்ஸ்ட் பொக்ஸா, பீடிஎஃப்பா?

திருகோணமலையில் ஒரு கோயில் திருவிழா விஞ்ஞாபனம் அச்சுக்குப் போகுமுன் பல கொம்பியூட்டர்களில் ஏறி இறங்கும்: பரிபாலன சபைச் செயலாளரின் மடிக்கணினி, கொமினிகேஷன் கடை, கடைசியாக அச்சகம். வீட்டில் ஒரே பக்கத்தில் அடங்கிய உபயகாரர் பட்டியல் கடையில் திறந்தால் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்திருக்கும். வேர்டில் இதைத் தடுக்க ஆட்கள் கையாளும் வழிகள் பல.

ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நேராக்குவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் எழுத்துருவில் அது சொந்தக் கொம்பியூட்டரிலேயே நேராக நிற்காது.

டேப் விசை பரவாயில்லை. ரூலரில் டேப் நிற்கும் இடங்களை நாமே குறித்துவிட்டால் திகதி, திருவிழா, உபயகாரர் என மூன்று நிரல்கள் அழகாக நிற்கும். ஆனால் "தம்பலகாமம் ... குடும்பத்தினர்" என்று ஒரு பெயர் நீண்டு அடுத்த வரிக்கு மடிந்தால், மிச்சம் திகதிக்கு நேர் கீழே போய் உட்காரும்.

அந்த இடத்தில்தான் கோடில்லாத அட்டவணை வெல்கிறது. பெயர் எவ்வளவு நீண்டாலும் தன் கட்டத்துக்குள்ளேயே மடியும். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அகலம் மாறும் வசதியை அட்டவணை அமைப்பில் நிறுத்திவிடுங்கள். ஒரு வரிசை இரு பக்கங்களில் பிளவுபடும் அனுமதியையும் எடுத்துவிடுங்கள். இடம் மிச்சம் பிடிக்கவென்று வரிசை உயரத்தை இறுக்கிப் பூட்டினால், 'கீ', 'ஞீ' போன்றவற்றின் மேற்சுழி வெட்டுப்படும்.

டெக்ஸ்ட் பொக்ஸ் முகப்புக்கு நல்லது: அம்பாள் படம், கோயில் பெயர், அவ்வளவுதான். பட்டியலை அதற்குள் போடாதீர்கள். பொக்ஸ் ஏதோ ஒரு பந்தியோடு நங்கூரமிடப்பட்டிருக்கும். அந்தப் பந்தி அடுத்த பக்கத்துக்குப் போனால் பொக்ஸும் கூடவே போகும். பக்கத்தில் இடத்தை நிலைப்படுத்தினாலும் இந்தத் தொல்லை தீராது. அதைவிட மோசம், அளவு நிலையான பொக்ஸில் எழுத்து கூடினால் கடைசி வரிகள் சத்தமில்லாமல் மறைந்துவிடும். விடுபட்டது பத்தாம் திருவிழா உபயகாரர் பெயரென்றால், அப்புறம் சபைக்கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியது டைப் செய்தவர்.

ஆனால் இத்தனையையும் தாண்டிக் குழப்புவது எழுத்துருதான். யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் டைப் செய்த கோப்பை, பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் வருவது ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் அந்தக் குப்பையைத் தடுக்கும், அளவு மாறுவதைத் தடுக்காது. விண்டோஸ் 10 முதல் லதா என்ற யூனிகோட் எழுத்துரு தனியாகச் சேர்க்க வேண்டிய தமிழ் எழுத்துருத் தொகுப்பில் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் வேறொன்று வந்து உட்கார, வரி உயரமும் அகலமும் மாறிப் பட்டியல் வழியும். வேர்டின் சேமிப்பு விருப்பங்களில் எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கலாம். உரிமம் இடங்கொடுக்கும் எழுத்துருவாக இருக்க வேண்டும்; நோட்டோ சான்ஸ் தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. தாளையும் பாருங்கள்: லெட்டர் தாளின் உயரம் 279 மில்லிமீற்றர், ஏ4 297. அந்த 18 மில்லிமீற்றரில் இரண்டு மூன்று வரிகள் போய்விடும்.

பீடிஎஃப் இவை எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பூட்டுகிறது, திருத்தத்தையும் சேர்த்து. வேர்ட் 2013 முதல் பீடிஎஃப்பைத் திறந்து திருத்தலாம் என்றாலும், அது பக்கத்தைத் தன் பாட்டில் மறுபடி கட்டுவதால் அட்டவணை பழையபடி வராது. ஆகவே பெயர்கள் சரிபார்க்கப்படும் வரை எழுத்துரு பதித்த வேர்ட் கோப்பு, சபை சரி சொன்ன பிறகு பீடிஎஃப். இதுதான் என் தெரிவு. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஸ்கிரீன்ஷொட் எடுக்காமல் கோப்பாகவே அனுப்புங்கள்.

அச்சகம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் திரும்பவும் அமைக்கப் போகிறதென்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். வெறும் எழுத்தை ஒரு கோப்பாகவும், மாதிரிக்கு ஒரு பீடிஎஃப்பும் கொடுத்தால் போதும். பேஜ்மேக்கர் யூனிகோட் தமிழை ஏற்காது என்பதால், யூனிகோடைப் பாமினிக்கு மாற்றியது யார் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு, புரூஃபை ஒரு தடவை வரிவரியாகப் பாருங்கள்.