ஆரஞ்சுப் பையா, டிராலிக்காரரா, கோயில் கொட்டகையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் குப்பைக்கு நிறம் உண்டு. கறுப்புப் பை குப்பைமேட்டுக்கு, ஆரஞ்சுப் பை மறுசுழற்சிக்கு. காகிதம், அட்டை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஆரஞ்சில் திணித்து, லாரி வரும் நாளில் வாசலில் வைத்துவிட்டால் நம் வேலை முடிந்தது. நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவில் பலரும் இப்படித்தான். அலைச்சல் இல்லாத வழி. ஆனால் பை லாரியில் ஏறும்போது பாதிதான் மிஞ்சியிருக்கும்.

காலை ஐந்தரைக்கே டிராலியின் கடகட சத்தம் கேட்கும். பைகளில் விலைபோவதைப் பொறுக்கி விற்றுப் பிழைக்கும் டிராலிக்காரர் அவர். ஒருநாள் பை கிழிந்து தெருவெல்லாம் பேப்பர் பறந்தது. கோபமாகத்தான் வெளியே போனேன். "சாரி மா" என்று அவரே பொறுக்கத் தொடங்கிவிட்டார். அப்புறம் பேச்சு வளர்ந்தது. அட்டைப்பெட்டிக்கு இந்தத் தொழிலில் 'கே4' என்று பெயராம், வெள்ளைத் தாளுக்கு 'எச்.எல்.1'. அட்டை நனைந்திருந்தால் வாங்கும் கடையில் எடையைக் கழித்துவிடுவார்கள். பால் பாட்டிலும் கூல்டிரிங்க் பாட்டிலும் ஒரே பிளாஸ்டிக் இல்லை. கலந்து கொண்டுபோனால் விலை போகாது. இருபது வருடமாகக் குப்பை பிரிக்கும் எனக்கு இதெல்லாம் தெரியாது!

தென்னாப்பிரிக்காவில் மறுசுழற்சிக்குப் போகும் பழைய காகிதத்திலும் பேக்கிங் பொருளிலும் 80 முதல் 90 சதவீதத்தை மீட்பது இவரைப் போன்றவர்கள்தான் என்பது சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. இவர்களுக்குக் கிடைப்பது எடைக்கான காசு மட்டுமே; மேடு பள்ளமான தெருக்களில் டிராலி தள்ளும் உழைப்புக்குக் கூலி இல்லை. பதிவு செய்த குப்பை சேகரிப்பவர்களுக்குப் பேக்கிங் உற்பத்தியாளர்கள் சேவைக் கட்டணம் தரவேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன. விதி நல்ல விதிதான்.

மூன்றாவது வழி, எங்கள் கோயில் கொட்டகை: அவரவர் பிரித்த குப்பையை அங்கே கொண்டுவந்து போட்டால், சேர்த்து விற்பது. புரட்டாசியில் ஆரம்பித்தோம். முதல் மூன்று வாரம் திருவிழாதான், பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு டின் நசுக்கினார்கள். நான்காம் வாரம் எண்ணெய் வழியும் ஊறுகாய் பாட்டில்கள் வந்தன. ஐந்தாம் வாரம் எலி வந்தது. விற்ற காசில் பெரும்பகுதி பக்கிக்கு (சிறு சரக்கு வண்டி) பெட்ரோல் போடவே போனது, மொத்தப் பொறுப்பும் ஒரு பெரியம்மாவின் தலையில் விழுந்தது. அவர் மட்டும் விடவில்லை. டர்பனின் கிளேர் எஸ்டேட் பகுதியில் வளர்ந்தவர். அங்கே 1980இல் திறந்த பிசாசர் ரோடு குப்பைமேட்டின் நாற்றம் அவருக்குத் தெரியும். அதை மூடச்சொல்லிக் கடைசிவரை போராடி 2007இல் இறந்த சஜிதா கானைப் பற்றிப் பிள்ளைகளுக்கு அவர்தான் சொன்னார்.

கொட்டகைக்கு ஒரு நியாயம் இருக்கிறது: கண்ணாடி. கனம் அதிகம், காசு குறைவு, டிராலிக்காரர் தொடமாட்டார். அதற்கு மட்டும் மாதம் ஒருமுறை கோயிலில் திறந்தால் போதும், கழுவிக் கொண்டுவர வேண்டும் என்ற கண்டிப்போடு.

ஒன்றே ஒன்றுதான் என்றால் நான் டிராலிக்காரர் பக்கம். இப்போது அட்டை, டின், பால் பாட்டில் மூன்றையும் தனியாகக் கட்டி கேட்டில் மாட்டிவிடுகிறேன். மிச்சம் ஆரஞ்சுப் பைக்கு. அதிலிருந்து எங்கள் வாசலில் எந்தப் பையும் கிழியவில்லை. மழை வரும்போல் இருந்தால் மட்டும் அட்டையை கராஜுக்குள் வைத்துவிடுவேன், அவர் கேட்டைத் தட்டி வாங்கிக்கொள்வார்.